சம்பந்தி வீட்டுப் பெட்ரோல்

சிவப்பு விளக்கு எரிவதை வாய்விட்டுச் சொன்னது மனைவிதான். ஓட்டிக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் அதைப் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு, அது தானாக அணைய அவகாசம் கொடுத்திருந்தார்.

"ஏங்க, அது என்ன செவப்பா எரியுது?"

"பெட்ரோல் குறையுதுன்னு சொல்லுது. கேட்டுக்கிட்டேன்."

"கேட்டா போதுமா? போட வேண்டாமா?"

பின்சீட்டில் மகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்த மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தின நாள், கழுவிக்கொண்டு வருகிறேன் என்று காரை வாங்கிப் போனவர் அவர்தான். கார் கழுவப்பட்டிருந்தது. அதை ஊரே பார்த்துமிருந்தது.

"விளக்கு எரிஞ்சப்புறமும் நாப்பது கிலோமீட்டர் தாராளமா ஓடும் அத்தான்," என்றார்.

"யார்டா சொன்னா?" என்றாள் அவருடைய அக்கா.

"பொதுவா எல்லாரும் சொல்றதுதான்."

"அந்த எல்லாரும் வந்து தள்ளுவாங்களா?"

"எதுக்கு வம்பு?" என்றாள் மகள். "வழியில அவங்க பங்க் இருக்கே. அங்க போட்டுக்கலாம்ப்பா."

கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பெட்ரோல் தீர்ந்து அல்ல. தலைமை எழுத்தரின் கால் பிரேக்கில் விழுந்து.

அந்தச் சாலையில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க், மகளை மணக்கப் போகிறவனின் அப்பாவுடையது. கல்யாணத் தேதி குறிக்க அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவரும் தாங்களே பேசி முடிவு செய்த கல்யாணம். அப்பாவைச் சம்மதிக்க வைக்க மகளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. சம்மதித்தவர் ஒரு நிபந்தனை போட்டார். பையன் வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட இனாமாக வரக் கூடாது.

"அங்க போய் நின்னா காசு வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

"வாங்க மாட்டாங்க," என்று மகள் ஒப்புக்கொண்டாள்.

"தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே டேங்கைத் தொறந்து காட்டிட்டான்னு பேர் வரும். நம்ம குடும்பத்துக்கு அப்படி ஒரு பேர் இதுவரைக்கும் கெடையாது."

"நடுரோட்டுல நின்னான்னு ஒரு பேரும் இதுவரைக்கும் கெடையாது," என்றாள் மனைவி.

"அப்ப திரும்பிப் போய் நம்ம பக்கத்துல போட்டுட்டு வரலாம்ப்பா."

"சொன்ன நேரத்துக்குப் போகலைன்னா, இவருக்கு இன்னும் மனசு வரலைன்னு நெனைப்பாங்க."

மகள் பயந்ததும் அதற்குத்தான்.

ஏசியை அணைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்றார் மைத்துனர். அணைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்றும் அவரே சொன்னார். மூடினார்கள். சற்று நேரத்தில் பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

"இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. "வேற என்ன யோசனைடா வச்சிருக்க?"

"வண்டியில பாரம் கொறைஞ்சா நல்லா ஓடும்க்கா."

சொல்லி முடித்த பிறகுதான், காரில் மற்ற மூவரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அடுத்த பஸ் நிறுத்தத்தில் அவர் பழக்கூடையோடு இறக்கப்பட்டார். பாரம் குறைந்த கார் கௌரவமான வேகத்தில் ஊர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் அதை முந்திச் சென்றது. ஜன்னலோரத்தில் காற்று வாங்கியபடி மைத்துனர் கையசைத்தார். மடியிலிருந்த கூடையில் ஒரு பழம் குறைந்திருந்தது.

ஓர் இறக்கம் வந்தது. தலைமை எழுத்தர் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. வளைவில் அதைத் திருப்ப அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே பக்கம் இழுத்தது அன்றுதான்.

தூரத்தில் பங்க்கின் பெயர்ப்பலகை தெரிந்தது.

"நம்ம வண்டி அவங்க ஆளுங்களுக்குத் தெரியுமா?" என்று மகளிடம் கேட்டார்.

"அவரு நம்ம வண்டி ஃபோட்டோவைக் காட்டியிருக்காராம்ப்பா."

அவ்வளவுதான். பார்த்தால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் நிற்க வேண்டும், நின்றால் நிரப்பிவிடுவார்கள். தலைமை எழுத்தர் காரைச் சட்டென்று பின்சாலையில் திருப்பினார். அது மும்மடங்கு தூரம், முழுக்கப் பள்ளம். சம்பந்தியின் தெருமுனையில் இன்ஜின் இருமுறை இருமி, ஓய்ந்தது.

தெரு லேசான சரிவு. கார் சத்தமே இல்லாமல் உருண்டு, பளபளவென்று நின்றிருந்த சம்பந்தியின் காருக்குப் பின்னால் போய் நின்றது.

"வண்டி வந்ததே தெரியலையே," என்று வியந்தபடி சம்பந்தி வந்தார். "எந்த வழியா வந்தீங்க?"

"பின்ரோடு வழியா."

"அப்படியா." சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "நல்ல வழி. ரொம்ப நல்ல வழி. எப்பவும் அப்படியே வாங்க."

உள்ளே மைத்துனர் மின்விசிறிக்குக் கீழே இரண்டாவது காபியில் இருந்தார். தேதி கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. மகள் முதன்முறையாக மூச்சை இறக்கி வைத்தாள். பிறகு பேச ஒன்றுமில்லை. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

தலைமை எழுத்தர் வீட்டின் ஜன்னல்களைப் பாராட்டினார். சம்பந்தி அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். தலைமை எழுத்தர் தரையைப் பாராட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போங்க," என்றார் சம்பந்தி.

"இருக்கோம்," என்றார் தலைமை எழுத்தர் உடனே.

வாசலை எட்டிப் பார்த்த பையன் கை நீட்டினான். "சாவியைக் குடுங்க மாமா. உங்க வண்டியைத் திருப்பி நிறுத்திடறேன்."

"வேண்டாம் மாப்ள," என்றார் தலைமை எழுத்தர்.

"வேண்டாம்டா, நம்ம வண்டி குறுக்க நிக்குது," என்றார் சம்பந்தியும் அதே அவசரத்தில்.

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

மருமகளாகப் போகிறவள் வாய்திறந்து கேட்பதைவிட, தானே கேட்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து நின்றார். மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. வண்டியில பெட்ரோல் இல்ல. உங்க பங்க்குலேருந்து கொஞ்சம் வேணும். ஆனா காசு வாங்கிக்கணும். இல்லாட்டி நடந்தே போயிடுவோம்."

சம்பந்தியின் கையிலிருந்த டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது. பையன் கூரையைப் பார்த்தான். பெரிய இடத்தை அவமதித்துவிட்டோமோ என்று தலைமை எழுத்தருக்குச் சந்தேகம் வந்தது.

காபித் தட்டோடு வந்த சம்பந்தியின் தங்கை அதை மேசைமேல் வைத்தாள்.

"போதும்ண்ணே, சொல்லிடுங்க. நம்ம பங்க்குல மூணு நாளா ஒரு சொட்டு கெடையாது, வாசல்ல நிக்கிற நம்ம காரையே காலையில நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கிட்டு வந்துதான் நிறுத்தினோம்."