பெரியம்மாவின் கிரியையும் என் காரின் இரண்டாவது எஞ்சினும்

அப்டன் பார்க், இலண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி யோகலிங்கத்துக்கு,

நித்தியானந்தன் அண்ணை எழுதுவது. என் தொலைபேசி எண்ணை நீரும் பிரசாந்தினியும் தடுத்துவைத்திருப்பதால் முத்திரை ஒட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. தாயை எரித்த சூடு ஆறாதவரிடம் அதைக் கேட்பது முறையுமல்ல. பெரியம்மாவின் ஆத்துமா சாந்தியடைய நாள்தோறும் சிவனை இரக்கிறேன். அவ சாந்தியடைந்தாலும் நீர் அடையமாட்டீர் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

தம்பி, அன்று சுடலை மண்டபத்து ஒலிபெருக்கியில் கேட்ட வார்த்தைகள் பெரியம்மாவைப் பற்றியவை அல்ல. என் காரின் எஞ்சினைப் பற்றியவை.

"ஐயரைக் கூட்டிக்கொண்டு வாறது என்ர பொறுப்பு" என்று உமக்கு வாக்குக் கொடுத்தவன் நான்தான். கொடுக்கும்போது காரில் வேறு எஞ்சின் போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் றமணன், "புது எஞ்சின் உங்கட காரை விட விலை அண்ணை, இடிபட்ட காரில கழட்டினது ஒண்டு கிடக்கு, நல்ல சாமான்" என்று சொல்லிப் பூட்டிவிட்டான். அன்று பிடித்தது சனி. காலையில் குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், சூடேறியதும் காய்ச்சல்காரன்போல் நடுங்கும், சந்தியில் நின்றுவிடும். கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் ஒயில் சரியில்லை என்றான், மாற்றினான். பிறகு பிளக் என்றான், அதையும் மாற்றினான். கடைசியில் ஒரு கொம்பியூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "இதுவே குற்றமில்லை எண்டு சொல்லுது, நீங்கள்தான் கூடுதலா யோசிக்கிறியள்" என்றான். கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான்; கொம்பியூட்டர் சொன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நம்பினேன்.

செத்தவீட்டன்று ஐயர் முன் சீற்றில், மடியில் கும்பமும் தர்ப்பையும் கைமணியுமாக இருந்தார். பிளாக்வோல் சுரங்கத்துக்குள் கார் நடுங்கத் தொடங்கியது. நான் தேவாரம் பாடினேன், ஐயர் பாடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஏற்றத்தில் அது நின்றது. நின்றதென்றால் இனி எழும்பாத மாதிரி. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், ஒருவன் கண்ணாடியை இறக்கித் தாயைச் சொல்லித் திட்டினான், அன்று அந்தச் சொல் என்னை நன்றாகச் சுட்டது. அப்போதுதான் நீர் ஐயரின் போனுக்கு எடுத்தீர். "எங்க நிக்கிறியள்? எங்கட நேரம் முடியப்போகுது, அடுத்த பிரேதம் வாசலில நிக்குது!" என்று நீர் அழுதது எனக்கும் கேட்டது. ஐயர் இறங்கி வீதியோரத்தில் நின்று, "போனை மைக்குக்குக் கிட்டப் பிடியுங்கோ, நான் இஞ்சயிருந்தே சொல்லுறன்" என்று கிரியையைத் தொடங்கிவிட்டார். நான் காரின் பொனற்றைத் திறந்து, என் போனில் றமணனைப் பிடித்து, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சாவியைத் திருப்புங்கோ, சத்தத்தைக் கேப்பம்" என்றான். திருப்பினேன். அவன் கேட்டான். ஐயர் மந்திரத்தின் நடுவே மூச்செடுக்க நிறுத்திய அந்த இடைவெளி பார்த்து, றமணன் வீதி முழுக்கக் கேட்கச் சொன்னான்:

"முடிஞ்சுது அண்ணை. உள்ளுக்க ஒண்டுமில்லை. பழசுதானே, எவ்வளவு காலம் இழுக்கும்? இதுக்கு இனிக் காசைக் கொட்டாதேங்கோ, தூக்கிப் போடுங்கோ."

அது ஐயரின் போனுக்குள் போய், அங்கிருந்து உம்முடைய மைக்குக்குப் போய்விட்டது. பிரசாந்தினி "ஆரது? ஆர் மாமியை அப்பிடிச் சொன்னது?" என்று கத்தியதும் எனக்குக் கேட்டது. விளங்கப்படுத்த ஐயரின் போனுக்குக் கிட்ட ஓடினேன். அதற்குள் றமணன், "நாளைக்கு இரும்புக்காரனை ஏத்தச் சொல்லுறன்" என்றான். அத்தோடு உங்கள் பக்கத்தில் போனை வைத்துவிட்டீர்கள்.

இப்போது டூட்டிங் கடைகளில் வடைக்கு நிற்கும் சனமெல்லாம், பெரியம்மாவின் வைத்தியச் செலவைப் பற்றி நான் அப்படிச் சொன்னதாகக் கதைக்கிறது. தம்பி, நான் அகதியாக வந்திறங்கிய குளிரில் தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டவ அவ. அன்றிரவு அவ நடுங்கியதை நான் பார்த்தேன். அவவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் நான் வீதியில் நின்றேன் என்பதே எனக்குப் போதுமான தண்டனை.

அந்தக் காரை இனித் தொடமாட்டேன் என்று றமணனிடமே விட்டுவிட்டேன். நசுக்கியாயிற்றாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு என்னைக் கூப்பிடும். ரயிலில் வருவேன், பின்வரிசையில் இருப்பேன், போனை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. பிரசாந்தினிக்கு, ஏற்றுக்கொண்டால், என் அன்பு. எல்லோரையும் அந்தச் சிவன் காக்கட்டும், வாகனத்தில் போகும்போது சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
தலைகுனிந்த அண்ணை,
நித்தியானந்தன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் றமணன் வந்தான். காரை நசுக்கக் கொடுக்குமுன் எஞ்சினைக் கழற்றி வேறொருவரின் காரில் பூட்டினானாம். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகி, அருமையாக ஓடுகிறதாம். பிழை என் காரிலிருந்த ஒரு வயரில். சூடேறினால் அதன் வெடிப்பு விரிந்துவிடுமாம். "பிறகேன்ரா முடிஞ்சுது எண்டு சொன்னனி?" என்று கேட்டேன். "உள்ளுக்க டங் டங் எண்டு அடிச்சுக் கேட்டதண்ணை" என்றான். அது ஐயர் அடித்த கைமணி. ஆகவே மேலே எழுதியதைத் திருத்தி வாசிக்கவும்: அந்த வார்த்தைகள் பெரியம்மாவுக்கும் பொருந்தாது, எஞ்சினுக்கும் பொருந்தாது. யாருக்காவது பொருந்தத்தான் வேண்டுமென்றால், என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். அந்தியேட்டிக்கு மட்டும் கூப்பிடும்.