ஊதினால் தெரியும்

ஆம்புரோஸ் சிரம்பான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு பெரிய முடிவோடுதான் இறங்கினார். இனிமேல் இந்த வீட்டில் தன் தட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. யாரும் என்றால் பெட்ரிசியா. பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிச்சமிருந்தது மனைவி ஒருத்திதான்.

சுவா என்ற ஊருக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அவர். சேறு, சரிவு, அந்த வருஷம் ஊரையே மூடியிருந்த புகைமூட்டம், எதற்கும் வேகத்தைக் குறைக்காத மனிதர். வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"இரத்தத்துல கொழுப்பாம்."

"அது கல்யாணம் ஆன மறுநாளே எனக்குத் தெரியுமே. இதுக்கா சிரம்பான் வரைக்கும் போயி ஊசி குத்திக்கிட்டு வந்தீங்க?"

"முழுசா கேளுலா. வயித்துல ஒரு கிருமி இருக்காம். எரிச்சலுக்கு அதுதான் காரணம். இரத்தத்துல கொழுப்ப ஏத்திவுடுறதும் அதே கிருமிதானாம். வெளங்குதா? கொழுப்பு என்னுது இல்ல, கிருமியோடது."

"டாக்டரு அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியேதான்."

டாக்டர் அப்படியே சொல்லவில்லை. வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறவர்களுக்கு இரத்தத்தில் கொழுப்பும் கூடுதலாக இருப்பதாகச் சில டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார். அது இன்னும் உறுதியாகவில்லை, அதையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள், கிருமிக்கு மாத்திரை தருகிறேன், கொழுப்புக்கு ஆட்டிறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் விடுங்கள், மாத்திரை முடிகிறவரை பீர் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னார். ஆம்புரோஸின் காது 'எழுதியிருக்கிறார்கள்' என்ற இடத்திலேயே கடையைச் சாத்திவிட்டது.

பெட்ரிசியா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மைக்கல்ராஜ் படத்தை ஒருமுறை பார்த்தாள். ஆம்புரோஸின் அண்ணன். போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் எண்ணெய் மில்லில் லோரி நிறுக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது ஆம்புரோஸ்தான். ஆஸ்பத்திரி வாசலை லோரி எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கும் இரத்தத்தில் கொழுப்பு என்று பிறகுதான் சொன்னார்கள்.

"சரி. கிருமி சாவட்டும்," என்றாள். "அது சாவுற வரைக்கும் ஓட்ஸ், ரசம், அவிச்ச காய். மாத்திர தீந்து ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காருல்ல? மிச்சத்த அப்ப பாத்துக்கலாம்."

ஆம்புரோஸ் கம்பீரமாக வாயைத் திறந்தார். "கொஞ்சம் மொளகு தூக்கலா போடு," என்றார். பெரிய முடிவின் ஆயுசு அவ்வளவுதான்.

ஆனால் அவர் அப்படியொன்றும் தோற்றுவிடவில்லை. போர்டிக்சன் போகும் வழியில் சன்னாசி கடை இருந்தது. குலையை மில்லில் கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி, மாடு தொழுவத்துக்குப் போவதுபோல் தானே அங்கே போய் நிற்கும். சன்னாசி வறுக்கிற ஆட்டு ஈரலின் வாசம் சாலைக்கே வந்து கையைப் பிடித்து இழுக்கும். ஆம்புரோஸின் கணக்கு சுத்தமானது. கொழுப்பு கிருமியுடையது. கிருமியை மாத்திரை கொன்றுகொண்டிருக்கிறது. ஆடு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்படி வெளியே ஈரலும் வீட்டில் ரசமுமாக நாள் ஓடியது. ரசம் குடித்துக் குடித்தே பெல்ட்டில் ஓர் ஓட்டை வெளியே தள்ளிப்போன மனிதர் உலகத்திலேயே ஆம்புரோஸ் ஒருவராகத்தான் இருக்கும். பெட்ரிசியா அந்தப் பெல்ட்டைக் கொடியில் மாட்டும்போது பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் திட்டினால் ஆம்புரோஸ் நிம்மதியாகத் தூங்குவார். பேசாமல் இருந்தால்தான் அவருக்கு லோரியின் அடியில் ஏதோ கழன்ற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மறுபடி கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள், காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"நாளைக்கு ஊதச் சொல்லுவாங்களாம்."

ஆம்புரோஸின் கரண்டி ஓட்ஸிலேயே நின்றது. "எதுல ஊதணும்?"

"ஒரு பையிலயாம். மம்பாவ்ல இருக்கே நம்ம லெட்சுமி, அந்தக் கிளினிக் மிஸ்ஸி, அதுதான் சொன்னுச்சு."

"ஊதுனா?"

"வயித்துல என்னா இருக்குன்னு தெரிஞ்சிருமாம்லா."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேலே பேச வேண்டிய தேவையும் இல்லை. லோரிக்காரருக்கு ஊதுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். போர்டிக்சன் ரோட்டில் தடுப்புக் கட்டை போட்டுப் போலீஸ்காரன் நீட்டுகிற பெட்டி. கூட ஓட்டுகிற இராஜமாணிக்கம் முந்தின நாள் குடித்ததைக்கூட அந்தக் கையளவுப் பெட்டி மறுநாள் காட்டிக்கொடுத்துவிட்டது. போலீஸ் பெட்டிக்கே அவ்வளவு வித்தை தெரிந்தால் டாக்டர் பைக்கு எவ்வளவு தெரியும்? ஈரல் தெரியும். எந்தக் கடை ஈரல் என்றுகூடத் தெரியலாம்.

அன்று சாயங்காலம் ஆம்புரோஸ் உப்புப் போட்டுப் பல் விளக்கினார். இஞ்சியைக் கடித்தார். கொய்யா இலையை மென்றார். பிறகு அடுப்படியில் ஏலக்காய் டப்பாவோடு பிடிபட்டார்.

"இவ்ளோ ஏலக்கா எதுக்குங்க? பாயசம் காச்சப் போறீங்களா?"

"வாய் ஒரு மாதிரியா இருக்கு."

"வாய்க்கு ஏலக்கா போடலாம். வயித்துக்குள்ள யாரு போயி போடுறது?" என்றபடி டப்பாவை வாங்கி மேலே வைத்தாள். "காலைல வெறும் வயித்தோட வரணுமாம். பச்சத் தண்ணிகூட கூடாது."

கிளினிக்கில் நர்ஸ் லெட்சுமி ஒரு கோப்பையில் ஏதோ கரைத்துக் கொடுத்தாள். "குடிச்சிட்டு அங்க உக்காருங்கண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்புடுறேன், வந்து ஊதுங்க." அவள் மேசைமேல் அந்தப் பை தட்டையாகக் கிடந்தது. ஆம்புரோஸ் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பெட்ரிசியா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ஊதறதுக்கு முன்ன ஏதாச்சும் சொல்லணும்னா எங்கிட்ட சொல்லிருங்க. மிஸ்ஸி முன்னுக்கு மானம் போவக்கூடாதுல்ல. நான் பேசிக்கிறேன்."

ஆம்புரோஸ் பையை இன்னொரு முறை பார்த்தார். "ஒரே ஒரு நாளு. சன்னாசி கடையில ரொட்டி சானாய்."

"வெறும் ரொட்டியா?"

"கொழம்பு ஊத்துனான்."

"என்னா கொழம்பு?"

"பருப்புதான். அதுல ஆட்டு ஈரல் ஒண்ணு ரெண்டு விழுந்து கெடந்துச்சு."

"ஒரே நாளா?"

உள்ளே யாரோ ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஆம்புரோஸ் பாதி எழுந்து, தன் பெயரில்லை என்று தெரிந்து உட்கார்ந்தார். "சனிக்கெழமயில."

"சனிக்கெழமயில மட்டுமா?"

"அதுக்கு முன்ன பின்ன."

"பீரு?"

லெட்சுமி பையைக் கையில் எடுத்துப் பிரித்தாள்.

"ஒரே தடவ," என்று அவசரமாகச் சொன்னார். "மாத்திர முழுங்கிக்கிட்டு இருந்தப்ப. ரோட்டோரமா லோரிய நிப்பாட்டிட்டு கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. செத்தேன்னு நெனச்சேன். அதோட வுட்டுட்டேன், மாதா மேல சத்தியமா."

இது பெட்ரிசியா எதிர்பாராதது. ஈரலை அவள் பெல்ட்டிலேயே பார்த்துவிட்டாள். இந்த வாந்தியை அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஜெபமாலை அவள் கையில் நின்றது.

"அண்ணன தூக்கிட்டுப் போன அதே லோரிங்க," என்றாள். "அதுல ஒங்களயும் யாராச்சும் தூக்கிப் போட்டுட்டுப் போவணுமா? நான் பின்னாடியே ஓடி வரணுமா?"

ஆம்புரோஸ் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொள்ளாததை அன்று சொன்னார். "எனக்குப் பயம், பெட்ரிசியா. கிருமின்னா மாத்திர போட்டா செத்துரும். கொழுப்புன்னா அது அண்ணன் சாவுலா. அதான் கிருமியவே புடிச்சிக்கிட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். லெட்சுமி கூப்பிட்டபோதுதான் விட்டாள்.

ஆம்புரோஸ் போய் ஊதினார். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்ட தெம்பில், நெஞ்சை நிமிர்த்தி, திருவிழாவில் நாதஸ்வரம் வாசிக்கிறவர் மாதிரி ஊதினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "கிருமி சுத்தமா போயிருச்சு," என்றார். ஆம்புரோஸ் பெட்ரிசியாவைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார். அது போன வாரம் எடுத்த இரத்தத்தின் முடிவு. "ஆனா கொழுப்பு மட்டும் முன்னைக்கு இப்ப ஏறியிருக்கே. சாப்பாடெல்லாம் எப்படி?"

ஆம்புரோஸின் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. பழி போடக் கிருமியும் இல்லை. மானம் போகாமல் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னவளை நம்பிக்கையோடு பார்த்தார். அவள் பேசினாள். ரொட்டியில் தொடங்கி, ஈரலில் விழுந்து, சனிக்கிழமைக்கு முன்னேயும் பின்னேயும் போய், ரோட்டோர வாந்தியில் வந்து நிறுத்தினாள். டாக்டர் எல்லாவற்றையும் முதன்முறையாகக் கேட்கிறவர் போலப் புருவத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் ஆம்புரோஸுக்கு எங்கேயோ இடித்தது. வெளியே வந்ததும் நேராக லெட்சுமியிடம் போனார்.

"மிஸ்ஸி, அந்தப் பையில ஈரல் தெரிஞ்சிச்சா?"

"ஈரலா? அதுல கிருமி இருக்கா இல்லையான்னு மட்டுந்தாண்ணே தெரியும்."

ஆம்புரோஸ் மெல்லத் திரும்பினார். பெட்ரிசியா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, விடியற்காலையிலேயே கட்டி எடுத்து வந்திருந்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வயித்துல இருக்கிறது தெரிஞ்சிரும்னு சொன்னியே நீ?"

"தெரிஞ்சிருச்சில்ல?" என்று ஆறிப்போன ஓட்ஸை அவரிடம் நீட்டினாள். "பைக்குள்ள ஊதுனது டாக்டருக்கு. பைக்கு வெளிய ஊதுனது எனக்கு. பசியாறுங்க."