காந்தத்தில் ஒட்டாத இரும்பு

திருகோணமலையில் கழுத்தில் காந்தம் கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போன ஒரே மனிதர் காந்தத்தார்தான். சும்மா சொல்லவில்லை. நான் போன கலியாணங்களில் எல்லாம் கழுத்து கழுத்தாக எண்ணிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். எண்ணாமல் இருக்க எனக்கு ஏலாது. துறைமுகத்தில் கணக்கெழுதும் எழுதுவினைஞராக இருந்தபோது பிடித்த வியாதி, ஓய்வு பெற்றும் விடவில்லை.

அவர் உட்துறைமுகப் பக்கம் பழைய இரும்பு வாங்கி விற்பவர். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு, அலுமினியம். உலகத்தையே இப்படிக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு கலியாணத்தில் பெண் வீட்டார் கொண்டுவந்த குத்துவிளக்கில் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டியது. "மேலதான் பித்தளை. உள்ளுக்கு இரும்பு," என்றார், மணவறை வரைக்கும் கேட்கும்படி. அந்தச் சம்பந்திமார் இன்னும் ஒருவருக்கொருவர் முகம் கொடுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் அவருக்குக் களைப்பு வந்தது. விரல் மூட்டுகளில் நோ. முகம் பழைய வெண்கலப் பானை நிறத்துக்குப் போனது. இரும்புச் சத்து குறைந்துவிட்டது என்று தானே தீர்மானித்து, சத்து மருந்தைப் போத்தல் போத்தலாகக் குடித்தார். குடிக்கக் குடிக்கக் களைப்புக் கூடியது. நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருமுகிறவர்களுக்கு நடுவில் இருந்து எனக்கு வந்த தடிமன் வேறு கதை.

இரத்தத்தைச் சோதித்த டொக்டர், என் மகள் வயதுப் பிள்ளை, ரிப்போட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஐயா, உங்கட உடம்பில இரும்பு குறையேல்லை, கூடிப்போச்சு. ஈரலில போய்ச் சேருது. இனி அந்த மருந்தைத் தொடவேண்டாம்."

காந்தத்தார் சட்டையை உயர்த்தினார். காந்தத்தை ஈரல் பக்கம் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது விழுந்து கயிற்றில் ஆடியது.

"ஒட்டேல்லை பிள்ளை. ரிப்போட் பிழை."

"உடம்பில இருக்கிற இரும்பு அப்பிடி ஒட்டாது ஐயா."

"ஒட்டாட்டி அது இரும்பே இல்லை. இது என்ட தொழில்."

பிறகு மரபணுச் சோதனைக்காக அவருடைய இரத்தம் கொழும்புக்குப் போனது. பல கிழமைகள் கழித்து முடிவு வந்தது. தொழிலால் வந்த இரும்பு அல்ல. தாய், தகப்பன் இருவர் வழியாகவும் பிறப்பிலேயே வந்த குறை. சாப்பாட்டிலிருந்து உடம்பு அளவுக்கு மிஞ்சி இரும்பை எடுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்குமாம். "எங்கட பக்கத்தில இது மெத்த அரிது," என்றார் டொக்டர். அரிது என்றதும் காந்தத்தார் நிமிர்ந்து உட்கார்ந்து நோயை ஏற்றுக்கொண்டார்.

"கூடப் பிறந்தவை இருக்கினமோ?"

"ஒருத்தன். இருந்தும் இல்லாத மாதிரி."

"அவரையும் கட்டாயம் சோதிக்கவேணும். அவருக்கும் இது இருந்து, தெரியாமல் விட்டா ஈரல் பழுதாப்போகும். முந்தியே பிடிச்சா அப்பப்ப இரத்தம் எடுத்தே காப்பாத்தலாம்."

"அப்ப எனக்கு மட்டும்தான் எண்டு சொல்ல ஏலாதோ?" என்று கேட்டார் காந்தத்தார்.

தம்பி நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. ஒருமுறை அவர் வலையில் பழைய நங்கூரம் ஒன்று சிக்கியது. காந்தத்தார் லொறி கொண்டுபோய் அதைத் தன் கடைக்கு ஏற்றி வந்துவிட்டார். என் வலையில் வந்தது என்று தம்பி. என் லொறியில் வந்தது என்று அண்ணன். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நங்கூரம் விற்கப்படாமல் கடை வாசலில் கிடந்து, வருகிற எல்லோருடைய காலையும் தடக்கியது.

"அவன்ட ஈரல், அவன்ட பாடு," என்று சொல்லித்தான் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மறுநாள் விடிய என் வீட்டுப் படலையில் நின்றார். "வாங்கோ நிலாவெளிக்கு. நான் அவனோட கதைக்கமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

நாங்கள் போனபோது வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கரைவலை இழுக்கும்போது யாரும் கைகட்டி வேடிக்கை பார்க்க முடியாது. வந்தவனும் கயிற்றில் கை வைக்க வேண்டும். ஆகவே முன்னால் தம்பி, பின்னால் காந்தத்தார், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நான்.

"இரத்தம் சோதிக்கச் சொல்லி அவனிட்டச் சொல்லுங்கோ."

"அவர் இரும்பு விக்கிறவர், அவருக்கு இரும்பு. நான் மீன் விக்கிறன், என்ட இரத்தத்தில என்ன சூடையும் சாளையுமோ ஓடுது எண்டு கேளுங்கோ."

"இது அப்பா அம்மா குடுத்தது எண்டு சொல்லுங்கோ."

"அப்ப பயமில்லை. அதிலயும் எனக்குப் பங்கு விடாமல் அவரே எல்லாத்தையும் எடுத்திருப்பார் எண்டு சொல்லுங்கோ."

நான் கயிற்றை மட்டும் இழுத்தேன். சொல்ல மூச்சிருக்கவில்லை. அப்போதுதான் தம்பி கயிற்றை விட்டு விரல் மூட்டுகளை நீவினார், காந்தத்தார் நீவுவதைப் போலவே. தம்பியுடைய முகக் கறுப்பை நான் இத்தனை காலமும் வெயில் என்று நினைத்திருந்தேன். காந்தத்தாரும் அதைப் பார்த்திருக்க வேண்டும்; எனக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சோதிச்சானெண்டா நங்கூரத்தை எடுக்கச் சொல்லுங்கோ."

தம்பி திரும்பிப் பார்த்தார். கயிறு தளர்ந்தது. இழுத்தவர்கள் எங்கள் மூவரையும் ஒன்றாகத் திட்டினார்கள்.

தம்பி சோதித்தார். அவருக்கும் அதே குறை. ஆனால் ஈரல் இன்னும் பழுதாகவில்லை. "அப்ப எனக்கு மட்டும் இல்லை," என்றார் காந்தத்தார். பெருமை போன துக்கம் அந்தக் குரலில் மருந்துக்கும் இல்லை. நங்கூரத்தைத் தம்பி எடுக்கவில்லை. ஆர் அதைத் தூக்குறது என்று என்னிடம் சொல்லியனுப்பினார்.

இரத்தம் எடுக்கும் முதல் நாளில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். "கையை மடக்கவேண்டாம் எண்டு அவனிட்டச் சொல்லுங்கோ," என்றார் காந்தத்தார். நான் யன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"தம்பி, கையை மடக்காதை."

"ஓம் அண்ணை."

இப்போது அவர்களுக்கு நடுவில் ஆள் தேவையில்லை. ஆனாலும் கிளினிக் நாளில் காந்தத்தார் என் படலைக்கு வந்துவிடுவார். காந்தம் கழுத்தில் இருந்தால் இரத்தத்தோடு இரும்பு வெளியே வராதாம். இரத்தம் எடுத்து முடியும்வரைக்கும் அதை வைத்திருக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். அது என் சட்டைப் பையில் சாவி வளையத்தோடு ஒட்டிக்கொண்டு கனத்துக் கிடக்கும். அவர் எழுந்து வந்து அதைத் திருப்பிக் கேட்கும்வரை, எண்ணாமல் இருக்க ஏலாத நான், எதையும் எண்ணுவதில்லை.