துறவிகளின் தலைக்கு மேல் ஓடிய என்ஜின்

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் ஒப்புக்கொள்வதற்கு ஐந்து பௌத்த துறவிகள் பட்டினி கிடக்கும் நிலை வரவேண்டியிருந்தது என்றால், என் புத்தியின் மந்தத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறை அருகே ஒரு கிட்டங்கியில் நான் குமாஸ்தா. நானும் என் மனைவி கமலமும் ஒரு பலகை வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் ஊ பேயும் அவர் மனைவி டோ மியாவும். (பர்மாவில் பெரியவருக்கு ‘ஊ’, அம்மாளுக்கு ‘டோ’. பெயரோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை.) நாங்கள் கப்பலை விட்டு இறங்கி வந்த அன்று எங்கள் டிரங்குப் பெட்டியைத் தன் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியவர் ஊ பே. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

கிட்டங்கியில் வேலை பார்த்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, யுத்தத்துக்கு முந்தைய மோட்டார் சைக்கிள் ஒன்றை மூலையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். பல மழை பார்த்த வண்டி. என்ஜின் துருவேறி இறுகிக் கிடந்தது.

“வேணும்னா எடுத்துட்டுப் போய்யா, இடத்த அடைக்குது” என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து நான் குமாஸ்தா இல்லை, மெக்கானிக். வண்டியின் எலும்புக்கூடு மாடிப்படிக்கு அடியில் தங்கியது. என்ஜினை மட்டும் கழற்றி, இரண்டு கூலிகளின் தலையில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனேன்.

கமலம் அதைச் சுற்றிவந்து பார்த்தாள். “இது எத்தன நாளைக்குங்க இங்க இருக்கும்?”

“ஒரு வாரம். பிரிச்சுக் கழுவி மாட்ட வேண்டியதுதான்.”

பிரிப்பது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மாட்டுவதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. சோற்றுப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி பிஸ்டனை ஊறப்போட்டேன். குழம்புச் சட்டியில் வால்வுகள், பால் சொம்பில் திருகாணிகள். பாவம் கமலம், எஞ்சியிருந்த ஒரே பாத்திரத்தில் முதலில் சோறு வடித்து, அதைக் கழுவி அதிலேயே குழம்பு வைப்பாள். (எங்கள் வீட்டு ரசத்தில் வந்த வாடையைப் பெருங்காயம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஒரு வழியாக என்ஜினைப் பூட்டி, கனமான ஒரு தேக்குப் பெஞ்சில் முடுக்கி, கப்பியில் கயிறு சுற்றி இழுத்துப் பார்ப்பேன். தினமும் ஒரு தும்மல் தும்மும். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஊ பே இறந்து ஒரு வருடம் நிறைந்தது. டோ மியா மாடிக்கு வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

“கோ முரு, நாளைக்கு அவர் பேரால பொங்கிங்களுக்குச் சாப்பாடு. அவங்க தலைக்கு மேல யாரும் நடமாடக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துடணும்.”

முருகேசன் என்ற என் பெயர் அவள் வாயில் அப்படித்தான் சுருங்கியிருந்தது. (‘கோ’ என்பது நம் ஊர்த் ‘தம்பி’ மாதிரி, வாலிபர்களுக்கு.) பொங்கி என்றால் பௌத்த துறவி. அவர்கள் உச்சிப்பொழுது தாண்டினால் அன்றைக்கு எதுவும் சாப்பிட மாட்டார்கள்.

“கட்டாயம் வந்துடறோம்” என்றேன்.

மறுநாள் கமலம் விடியற்காலையிலேயே சமையலுக்கு ஒத்தாசையாகக் கீழே போய்விட்டாள். நான் குளித்து, கல்யாண வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு இறங்கப் போனேன். வழியில் பெஞ்சு. பெஞ்சின் மேல் என்ஜின். முந்தின நாள் சாயங்காலம்தான் அதில் ஒரு பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தேன். இழுத்துப் பார்ப்பது மட்டும் பாக்கி.

கீழே பாலி மொழியில் ஓதும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. நடமாடக் கூடாது என்றுதானே சொன்னாள்? நான் நின்ற இடத்திலேயே நின்று ஒரே ஒரு தடவை இழுத்தால் அது நடமாட்டமா? போதாததற்கு, இத்தனை மாதமாக ஓடாதது இன்றைக்கா ஓடப்போகிறது?

இழுத்தேன். ஓடியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. புகைக்குழாயை நான் மாட்டியிருக்கவில்லை. வேகத்தைக் குறைக்கும் கம்பியையும் மாட்டியிருக்கவில்லை. அதாவது, ஓட வைப்பதற்கே மாதக்கணக்கில் பாடுபட்டவன், நிறுத்துவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெஞ்சு குதித்துக் குதித்து அறைக்குள் ஊர்வலம் போனது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அடியிலிருந்த எண்ணெய்த் திருகாணி அதிர்ச்சியில் கழன்று விழ, கறுப்பு எண்ணெய் கொடகொடவென்று கொட்டி, தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. கடைசியில் அங்கவஸ்திரத்தைச் சுருட்டி என்ஜின் மூச்சு வாங்கும் துவாரத்தில் திணித்தேன். செருமிவிட்டு நின்றது.

கீழே ஓதும் சத்தமும் நின்றிருந்தது.

பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். (கீழே சாக்கடை. இல்லாவிட்டால் குதித்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.) அதற்குள் கமலம் படியேறி வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

“எல்லாத்துலயும் விழுந்துடுச்சுங்க. சோறு, கறி, எல்லாம் போச்சு. திரும்பச் சமைக்கணும். பானையக் குடுங்க.”

நான் பானையைப் பார்த்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள். மண்ணெண்ணெய்க்கு அடியில் பிஸ்டனின் பழைய வளையங்கள் கிடந்தன. அவள் திரும்பி இறங்கிப் போனாள். நாற்பது வருட இல்லறத்தில் அவள் என்னைச் சுட்டுப் பொசுக்கியது அந்த ஒரு தடவைதான். அதற்கு அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

கீழே போனேன். வட்ட மேசைகளில் டோ மியா இரவெல்லாம் சமைத்தவற்றின் மேல் கறுப்புக் கோலம். மூத்த பொங்கியின் இடது தோளில், காவித் துணியின் மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கறை. டோ மியா சுவரோரம் மண்டியிட்டுக் கைகூப்பியபடியே இருந்தாள். அழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று அடித்து வெகு நேரமாகியிருந்தது.

மூத்த பொங்கி என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஓடிச்சா?” என்று கேட்டார்.

“ஓடிச்சுங்க.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு மேல்துணியின் தொங்கலால் தோளைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அவர் என்னை அடித்தே இருக்கலாம்.

தெருவில் கமலத்தின் குரல் கேட்டது. ஊரிலிருந்து வந்த நாளாய் அதிர்ந்து பேசாதவள், செருப்புகூடப் போடாமல் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். முனையில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் காதர் பாய் ஒரு தார் வாழைப்பழமும் கை நிறைய ரொட்டியுமாக ஓடிவந்தார். எதிர்வீட்டுப் பர்மியப் பெண் அடுப்பிலிருந்த சோற்றை அப்படியே சட்டியோடு தூக்கி வந்தாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கர்கள் பருப்பும் ஊறுகாயும் கொண்டுவந்தார்கள். நான் உதவப் போனபோது காதர் பாய் என் எண்ணெய்க் கையைப் பார்த்து, “தம்பி, நீங்க ஒண்ணையும் தொடாதீங்க. அதுவே பெரிய உபகாரம்” என்றார்.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் பொங்கிகள் சாப்பிட்டு முடித்தார்கள். ஊ பேயின் பேரால் ஒரு தெருவே சோறு போட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை.

என்ஜினை அன்று சாயங்காலமே கமலம் கூலி வைத்து இறக்கி அனுப்பிவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. மூத்த பொங்கிக்குப் புதுக் காவித்துணி வாங்கிக் கொடுத்தேன். ஆசீர்வதித்து வாங்கிக்கொண்டார். ஆனாலும் தினமும் காலையில் பிச்சைக்கு வரும்போது பழைய துணியைத்தான் போர்த்தியிருப்பார். துவைக்கத் துவைக்க அந்தக் கறை தெளிவாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் வேலைக்கு அரைமணி முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தேன். காலம் தவறாதவன் என்று கிட்டங்கியில் நல்ல பெயர் வந்தது.

டோ மியா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த வருடம் அதே திதிக்கு மறுபடி மாடிக்கு வந்து அழைத்தாள். போனபோது முன்வரிசையில், தனக்கு நேர் எதிரே, எனக்கென்று ஒரு பாய் போட்டிருந்தாள்.

“இங்க உக்காருங்க, கோ முரு. கை ரெண்டும் எனக்குத் தெரியற மாதிரி வச்சுக்குங்க.”

நாங்கள் ரங்கூனை விட்டு வரும்வரை ஒவ்வொரு வருடமும் அந்தப் பாயில் அப்படித்தான் உட்கார்ந்தேன். கமலம் இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு இலை போட்டால், பரிமாறுவதற்கு முன் யாராவது ஒருவர் சமையலறையிலிருந்து கேட்பார்கள்: “அப்பா கை எங்க இருக்கு, பாத்தாச்சா?”

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் சோறு வரும்.