கறுப்பு வயர் கடைசி

"எத்தனை தடவ சொல்றது? அதுக்குள்ள இருக்கிறது ஆசிட்டுங்க. விருந்தாளி மாதிரி சாப்பாட்டு மேசை மேல உக்கார வெச்சிருக்கீங்க."

"மெதுவாப் பேசு. சார்ஜ் ஏறிட்டிருக்கு."

"நான் சத்தமாப் பேசுனா இறங்கிடுமா?"

டைல்ஸ் மேஸ்திரிக்கு மனைவியோடு மல்லுக்கட்ட நேரமில்லை. மாமனாரும் மாமியாரும் வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் மேசை மேல் இருக்கும் பாட்டரி காருக்குள் போயாக வேண்டும். கார் கிளம்பியாக வேண்டும்.

கார் மாமனாருடையது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், வேலையை விட்ட கையோடு ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார். இரண்டு மாதத்துக்கு முன்னால், மூத்த மகளின் பிரசவத்துக்காக மாமியாரோடு வெளியூர் கிளம்பியபோது, வண்டியை மேஸ்திரி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க மாப்பிள்ளை. வெளிய மட்டும் எடுக்காதீங்க. ஒழுங்காப் பாத்துக்கிட்டீங்கன்னா நான் வந்ததும் வண்டி உங்களுக்கே. எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

சிமென்ட் வாளி, கட்டர், மட்டப்பலகை எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, தானும் ஒரு சாமான் போல அதன் நடுவில் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதருக்கு இது சாதாரண வாக்கு இல்லை. அன்று ராத்திரியே மனசுக்குள் பின்சீட்டைக் கழற்றி வாளிக்கு இடம் போட்டுவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக மறந்துபோனது. சாயங்காலம் மாமனாரிடமிருந்து போன்.

"ஸ்டார்ட் பண்ணீங்களா மாப்பிள்ளை?"

"கைய வெச்சதும் குதிரையாட்டம் எடுத்துச்சு மாமா!"

அடுத்த வாரம் மறக்கவில்லை, முதுகு வலி. அதற்கடுத்த வாரம் முதுகும் வலிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லி வாய் பழகிவிட்டது. வாராவாரம் குதிரை கொழுத்துக்கொண்டே போனது. "இன்னிக்கு இன்னும் ஜோர் மாமா. சத்தத்தக் கேட்டு தெருவே திரும்பிப் பாத்துச்சு."

"அந்தக் குதிரைக்கு ஒரு நாளாவது புல்லு போட்டீங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

நேற்றுதான், "காலைல வந்துடுறோம்" என்று தகவல் வந்ததும், முதல் தடவையாகச் சாவியைப் போட்டுத் திருகினார். டிக் என்றுகூடக் கேட்கவில்லை. விளக்கு சுவிட்சைப் போட்டார். இருட்டு. குதிரை செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு வெல்டர் வந்து பானெட்டைத் திறந்தான்.

"பாட்டரி பூட்டகேஸ், மேஸ்திரி. கழட்டி சார்ஜ் போடணும். கழட்டுறப்ப கறுப்பு வயர் முதல்ல. திருப்பி மாட்டுறப்ப சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசி. மாத்திப் பண்ணா நீங்க எனக்கு வெல்டிங் வெச்சுக் காட்டுவீங்க." சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். "அட, கறுப்பு ஏற்கனவே கழண்டுதான் கிடக்கு!"

"எங்க மாமனார் வண்டில எதுதான் இறுக்கமா இருக்கு? அவரு கைதான் இறுக்கம்."

கழன்று கிடந்த வயரின் தலையில் நீலத் துணி ஒன்று சுற்றியிருந்தது. துடைக்க உதவும் என்று மேஸ்திரி அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பாட்டரியைத் தூக்கி வந்து, வெல்டரின் சார்ஜரை மாட்டினார். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

"உன் சார்ஜர் சார்ஜர்தான்யா!" என்று மெச்சினார். எதற்கும் இருக்கட்டும் என்று காலைவரை விட்டுவைத்தார்.

இப்போது விடிந்து, மனைவி கத்தி முடித்தாயிற்று. அவசரத்தில் சார்ஜர் சுவிட்சை அணைக்காமலே கிளிப்பைப் பிடுங்கினார். சுரீரென்று ஒரு பொறி. மேசை விரிப்பில் பொட்டு வைத்த மாதிரி ஓட்டை.

"போச்சா?" என்றாள் மனைவி.

"சின்ன ஓட்டைதான்."

"நீங்க வாயத் திறக்குற அளவுக்கு இருக்கு."

பாட்டரியை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பானெட்டுக்குள் அதன் தட்டில் இறக்கி வைத்து, தொழில் புத்தி விடாமல் ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அவருக்கே பெருமையாக இருந்தது. சிவப்பு வயரை இழுத்தார். எட்டவில்லை. இன்னும் இழுத்தார்.

"வயர் சுருங்கிப்போச்சு வெல்டரே!"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வெல்டர் எட்டிப் பார்த்தான். "வயர் சுருங்கல. பாட்டரியத் திருப்பி வெச்சிருக்கீங்க. மட்டமெல்லாம் அருமையா இருக்கு, திசைதான் தப்பு. அந்த மோதிரத்தையும் கழட்டுங்க, பாட்டரி முனைல பட்டுச்சுன்னா விரலோட சேந்து உருகிடும்."

கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம். கழற்றிக் காருக்குள் சாவிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக் கதவைச் சாத்தினார். பாட்டரியைத் திருப்பி வைத்தார். சிவப்பு வயரை மாட்டி நட்டை முறுக்கினார். "கறுப்பு கடைசி, கறுப்பு கடைசி" என்று சொல்லிக்கொண்டே கறுப்பை வைத்தார்.

சடசடவென்று பொறி பறந்தது. நேற்றுப் போட்ட விளக்கு சுவிட்சை அணைக்கவில்லை. இரண்டு முன்விளக்கும் முகத்தில் அடித்தன. அடுத்த நொடி, திருடனைப் பிடித்த மாதிரி அலாரம் அலறியது. அதோடு டக் டக்கென்று நாலு கதவும் தாமாகவே பூட்டிக்கொண்டன. உள்ளே சாவி. சாவிக்குப் பக்கத்தில் மோதிரம். மாற்றுச் சாவி மாமனாரின் பையில்.

மேஸ்திரி கறுப்பு வயரைப் பிடுங்கினார். அமைதி. கதவை இழுத்தார். திறக்கவில்லை. ஒருவேளை திறந்துகொள்ளுமோ என்று வயரை மறுபடி வைத்தார். அலறல். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவு மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாமனார்.

"வாடகைக் கார்ல ஏறிட்டோம் மாப்பிள்ளை. அது என்ன சத்தம்?"

"குக்கர் மாமா!"

"குக்கர் எப்படி இப்படி விடாமக் கத்தும்?"

"அது... புதுக் குக்கர் மாமா!"

அவர் போனை வைத்ததும் மனைவி தலையில் அடித்துக்கொண்டு வயரைப் பிடுங்கினாள். "எங்கப்பா முப்பது வருஷம் ஹாரன் அடிச்சவரு. அவருக்கு ஹாரனுக்கும் குக்கருக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"வண்டி வேணுமா வேணாமா உனக்கு?"

"ஸ்கூட்டர்ல வாளிக்கும் உங்களுக்கும் நடுவுல உக்காந்து போறது நான்தானே. வேணும். ஆனா உண்மையச் சொல்லிடுங்க. மறந்துட்டேன்னு சொன்னா கொன்னா போடுவாரு?"

"ஒரு வாரம்னா மறந்துட்டேன்னு சொல்லலாம். எல்லா வாரமும்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

வெல்டர் நீளக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி ஓர ரப்பர் வழியாக உள்ளே விட்டுக் கதவின் குமிழைத் துழாவினான். கம்பி போனது. கூடவே ரப்பரும் கிழிந்து, அறுந்த வால் மாதிரி தொங்கியது. வெல்டர் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். குமிழ் மேலே வந்தது.

மேஸ்திரி பாய்ந்து உள்ளே ஏறி விளக்கை அணைத்தார். "இப்ப வை கறுப்ப!" வெல்டர் வைத்து முறுக்கினான். பொறியில்லை, அலறல் மட்டும் கிளம்பியது. சாவியைத் திருகியதும் அலறல் அடங்கி, எஞ்சின் கிளம்பியது. ஒரே திருகு. நிஜமாகவே குதிரையாட்டம்தான்.

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி, தொங்கிய ரப்பரை டைல்ஸ் ஒட்டும் பசையால் ஒட்டினார். பசை வழிந்த இடத்தை நீலத் துணியால் துடைத்தார். எஞ்சினை அணைத்து, பானெட்டை மூடி, அதையும் துடைத்தார். முகத்தையும் அதாலேயே துடைத்துக்கொண்டார். முகம் முழுக்க கிரீஸ் ஏறியது.

வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். மகளைப் பார்க்கவில்லை, வீட்டுக்குள்ளும் போகவில்லை. நேராகத் தன் வண்டியிடம் போய் அதைச் சுற்றி வந்தார். ரப்பரைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிய்த்து எடுத்தார்.

"போன ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணீங்களா மாப்பிள்ளை?"

"பண்ணாம இருப்பனா மாமா? கைய வெச்சதும் குதிரையாட்டம்..."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அன்னிக்கும்தான் மாமா. ஒரு வாரம்கூடத் தவறல." சாவியைப் போட்டு ஒரு திருகு திருகிக் காட்டினார். எஞ்சின் உறுமியது. "பாருங்க! நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம் வெல்டர் இருமினான். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

மாமனார் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை மருமகனின் கிரீஸ் முகத்தில் தொடங்கி, மெல்ல இறங்கி, கையில் வந்து நின்றது.

"இங்க ஒரு நீலத் துணி இருந்துச்சே மாப்பிள்ளை?"

மேஸ்திரி துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "எந்தத் துணி மாமா?"

வாடகைக் காரிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்த மாமியாருக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமையில்லை.

"இப்ப என்ன புதுசா விசாரணை? கிளம்புறப்பவே கறுப்பு வயரக் கழட்டித் துணியச் சுத்தி வெச்சது நீங்கதானே? வாராவாரம் மாப்பிள்ளை 'குதிரையாட்டம் எடுத்துச்சு'ன்னு சொல்றதக் கேட்டுட்டு, போன வெச்சதும் வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டு உருண்டு சிரிச்சதும் நீங்கதானேங்க?"