ஒன்பதாவது வள்ளத்துக்கு ஒப்பு இல்லை

உலகத்தில் யார் எங்கே போனாலும், திரும்பி வந்து கையெழுத்துப் போடுகிற வரை அவர்கள் வரவில்லை என்றே நம்பிய ஒரே மனிதர் எங்கள் டைம்கீப்பர்தான். நீங்கள் அவர் முன்னால் வந்து நின்று வணக்கம் சொன்னாலும் சரி, நோட்டில் கையெழுத்து இல்லையென்றால் நீங்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறீர்கள். மகள் கல்யாணமாகி அருமனையிலிருந்து முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நோட்டை நீட்டினார் என்று தக்கலையில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நீட்டக்கூடிய ஆள்தான்.

தக்கலை பஸ் ஸ்டாண்டில் பஸ் போவதையும் வருவதையும் எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவர். பஸ் வந்து நின்றால் மட்டும் போதாது, கண்டக்டர் ஜன்னலுக்கு வந்து ஒப்புப் போட வேண்டும். எங்கள் பக்கம் கையெழுத்துக்கு அதுதான் பெயர். ஓய்வு பெற்றதும் வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் மனிதர் இளைத்துப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பாய்வள்ளப் பந்தயம், அதாவது பாய்மரப் படகுப் போட்டி, அவர் கையில் மாட்டியது.

பந்தயம் சூசை அண்ணனின் ஏற்பாடு. கடற்கரைக்காரர், துபாயில் ஒரு படகு கிளப்பில் பாய் தைத்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த கையோடு ஃபைபரில் எட்டு சின்ன வள்ளம் செய்தார். வள்ளத்துக்கு இரண்டு ஆள். ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும், மற்றவர் பாய்க்கயிற்றைப் பிடிக்க வேண்டும். இதைக் கடலில் விட்டால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள் என்று ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு குளத்துக்குக் கொண்டுவந்தார். குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனி ஆடியில் அங்கே கணவாய்க் காற்று அடிக்கிற அடியில், வேட்டி கட்டியவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பந்தயம். நானும், கோட்டாறில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மணியும் ஒரு வள்ளம். பெரும்பாலும் கடைசி வள்ளம்.

டைம்கீப்பர் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மைக், விசில், நோட்டு சகிதம் உட்கார்ந்துவிடுவார். குளத்தின் மறுகாலும் மடையும் அவருக்குப் பஸ் ஸ்டாப்.

"மறுகால் வழி மடை போகும் மஞ்சப் பாய், நேரமாச்சு, எடுங்க. செவப்புப் பாய் வண்டி ரெண்டு நிமிசம் லேட்டு, டிரைவர் ஆபீசுக்கு வரணும்."

"வண்டி இல்லவே, வள்ளம்," என்பார் சூசை அண்ணன்.

"போவுதுல்லா, வருதுல்லா? அப்பம் வண்டிதான்."

எங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நானும் மணியும் முதலில் வந்தோம். சந்தோஷத்தில் நேராக டீக்கடைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது கோப்பை வேறொருவர் கையில் இருந்தது. "நீங்க இன்னும் வந்து சேரல்ல," என்றார் டைம்கீப்பர். மணி அன்றைக்குப் பேசியதை இங்கே அச்சடிக்க முடியாது. அதற்குப் பிறகு அவன் கரையேறினால் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் ஒப்புப் போட்டுவிடுவான்.

இதுவரை சிரிக்கலாம். முதல் வருட ஆடியில் ஒரு நாள் டைம்கீப்பர் நோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த வெளுத்த பாய் வள்ளக்காரன் ஏம்வே ஒப்புப் போட வரல்ல?"

எங்களிடம் எட்டு வள்ளம், எட்டும் எட்டு நிறம். வெளுத்த பாய் யாரிடமும் இல்லை. சூசை அண்ணன் அவருக்குக் கண்ணில் புரை என்று முடிவு கட்டினார். டைம்கீப்பர் அதைக் காதில் வாங்காமல் ஒன்பதாவது வரியில், 'வந்தது, ஒப்பு இல்லை' என்று எழுதினார். அடுத்த ஞாயிறும் அதையே எழுதினார். காற்று இல்லாத ஞாயிறுகளில் மட்டும் எட்டோடு நிறுத்திக்கொண்டார்.

"இண்ணைக்கு எங்க உம்ம ஒம்பதாவது வண்டி?" என்று ஒருநாள் மணி சீண்டினான்.

"காத்தில்லாத்த அண்ணைக்கு அதுக்கு சர்வீஸ் கிடையாது," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மணி விடவில்லை. அடுத்த வாரம் குளத்து நடுவில் வைத்து, எங்கள் வள்ளத்திலிருந்தே செல்போனில் மற்ற வள்ளங்களைப் படம் எடுத்தான். கரைக்கு வந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "எண்ணும்வே. ஏழு பாய். எங்களோட எட்டு. எங்க ஒம்பது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "உங்களுக்குப் பொறத்தால இல்லா வந்துட்டிருந்துது. படத்துல எப்படி விழும்?"

மணி செல்போனைப் பைக்குள் போட்டான். பந்தயம் முடிந்து டீக்கடையில் வழக்கமாகத் தின்கிற பழம்பொரியை அன்று அவன் தின்னவில்லை. நானும் தின்னவில்லை, ஆனால் என் காரணம் வேறு. படம் எடுத்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு பாய் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, நாங்கள்தான் வழக்கம்போலக் கடைசி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

போன வருடம் ஆடிக் கடைசி ஞாயிறு. பந்தயம் பாதியில் இருக்கும்போது கணவாய்ப் பக்கம் இருட்டிக்கொண்டு சாரல் வந்தது. கூடவே வந்த காற்று எங்கள் வள்ளத்தைத் தோசை திருப்புவது போலத் திருப்பிப் போட்டது. தூர மூலையில், ஆளுயரச் சம்பங்கோரைக்குப் பின்னால், கரையிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் மூழ்கவில்லை. ஆனால் என் கால் பாய்க்கயிற்றில் சிக்கி, கயிறு தாமரைத் தண்டுகளில் சிக்கி, ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் வாய்க்குள் போனது. மணிக்குத் தோள் இறங்கிவிட்டது. ஒற்றைக் கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிடுலே," என்றான்.

கூப்பிட்டேன். காற்று கரையிலிருந்து எங்களை நோக்கி அடித்தது. கரையில் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்காது.

அப்போது ஒரு வள்ளம் வந்தது. கோரைக்கு இந்தப் பக்கமாக, இரண்டு ஆள் தூரத்தில் எங்களைக் கடந்தது. மணி கத்தினான், நானும் கத்தினேன். அது திரும்பவில்லை. வெளுத்த பாய். சுக்கானில் ஆள் இல்லை, கயிற்றில் ஆள் இல்லை. காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாயும் போகாது, வளைந்து வளைந்துதான் போக முடியும். அது கோடு போட்டதுபோல் நேராகக் கரையைப் பார்த்துப் போனது. எனக்கு அதுவரை தண்ணீரின் குளிர் உறைக்கவில்லை, அப்போது உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் சூசை அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. "எட்டுப் பாயும் கரைக்கு வந்தாச்சு. எல்லாரும் கொட்டகைக்குள்ள வாங்க."

மணி என் முகத்தைப் பார்த்தான். "நம்மளையும் சேத்து எண்ணிட்டானுவ, மக்கா," என்றான். அவன் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. சாகப்போகிறோம் என்று நான் நினைத்தது அந்த நிமிடத்தில்தான்.

கரையில் நடந்ததைப் பிறகு சூசை அண்ணனே சொன்னார். சாரலுக்குள் எட்டுப் பாய் வருவதை மூன்று பேர் எண்ணியிருக்கிறார்கள், அவரும் ஒருவர். ஈரத்தில் நிறம் தெரியவில்லை. எல்லாரும் கொட்டகைக்குள் ஓடியபோது டைம்கீப்பர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஒப்பு ஏழுதான் இருக்கு."

"எட்டுப் பாயை என் கண்ணால எண்ணினேன்வே. அவனுவ ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருப்பானுவ."

"மணி ஒப்புப் போடாம டீ குடிக்க மாட்டான். கோப்பை போயி ஒரு மட்டம் பட்டவனாக்கும். நீரு எண்ணினதுல ஒண்ணு நம்ம வண்டி இல்ல."

சூசை அண்ணன் அவரை வாயடைக்க வைப்பதற்காகத்தான் மழையில் இறங்கிப்போய், கரையில் ஏற்றிய வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஏழு இருந்தது.

எங்களுக்கு முதலில் கேட்டது விசில். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஊதுவார்களே, அந்த விட்டு விட்டு ஊதுகிற விசில். துடுப்பு வள்ளத்தில் சூசை அண்ணன் துடுப்புப் போட, முன்னால் டைம்கீப்பர். அந்தக் குளத்தில் அதுவரை கால்கூட நனைக்காதவர். நீச்சல் தெரியாது. லுங்கிக்கு மேலே மிதவைச் சட்டை, அதற்குள்ளே நோட்டு. கயிற்றை அறுத்து எங்களைத் தூக்கிப் போட்டார்கள். நான் குளத்தில் பாதியை வாந்தி எடுத்து முடித்ததும் என் முன்னால் பேனா நீண்டது.

"ஒப்பு போடும்."

"கரைக்குப் போய்ப் போடட்டும்வே," என்றார் சூசை அண்ணன்.

"இப்பமே போடணும்."

போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். அதை மிதவைச் சட்டைக்குள் செருகிய பிறகுதான் வள்ளத்தை எடுக்கச் சொல்லி விசில் ஊதினார்.

மணியின் தோள் சரியான பிறகு, கடந்து போன வள்ளத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆள் இல்லாமல் போனது என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"அதான் ஒப்புப் போட யாரும் வரல்ல. வண்டி வந்துட்டு, ஆளு எங்கயோ நிக்கான். வரட்டும்."

இந்த வருடம் முழங்கால் முடியாமல் டைம்கீப்பர் அருமனையில் மகள் வீட்டோடு இருக்கிறார். நோட்டு என்னிடம் வந்துவிட்டது. ஞாயிறு ஐந்து மணிக்குத் தவறாமல் போன் வரும்.

"எட்டும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"ஒம்பதாவது?"

"ஒப்பு இல்ல."

"அவசரப்பட்டு நோட்ட மூடாதிரும்."

மூடுவதில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகும், நோட்டை விரித்து, பேனாவை மேலே வைத்து, காற்றில் தாள் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சில்லிடத்தான் செய்கிறது. ஆனால் எல்லாரும் வந்தாயிற்று என்று உலகமே சொன்ன பிறகும், எனக்காக அந்த நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.