இரண்டு முறை எண்ணப்பட்ட ஜோடிகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் ரத்த அழுத்தம் தவிர எல்லாம் நலம். அதற்குக் காரணம் நீ என்பதால் கடிதமும் உனக்கே. பத்து வயதில் என் மகளுக்குப் பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்து இயற்பியல் பக்கம் திருப்பிவிட்டவன் நீதானே.

அவள் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். புரோட்டான்களை அசுர வேகத்தில் மோதவிடுகிறார்கள். அந்த இடிபாட்டில் எப்போதாவது குவார்க் என்ற கனமான நுண்துகள் ஒன்றும் அதன் எதிர்க்குவார்க்கும் ஜோடி சேர்கின்றன. கண்ணிமைப்பதற்குள் ஜோடி காலி. அதிலிருந்து சிதறி ஓடும் மியூவான் என்ற இரண்டு துகள்களைப் பிடித்து, அங்கே ஒரு ஜோடி இருந்தது என்று முடிவுகட்டுகிறார்கள். சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒரே சாட்சி, பிரிந்துபோனதுதான். இப்படி எத்தனை ஜோடி உண்டாயின என்ற ஒரே எண்ணுக்காக மூன்று வருடம். அந்த எண்ணையும் பார்க்க மாட்டார்களாம். விடை தெரிந்தால் மனம் அந்தப் பக்கம் சாயுமாம். கணினியே அதை மறைத்து வைத்திருக்கும், கணக்கிட்ட முறையை எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் திறப்பார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை முப்பத்தெட்டு வருடம் முந்திக்கொண்டு எழுதிப் பிழைத்த செய்தியாளன் நான். எனக்கு வாய்த்த மகள் தினமும் சாப்பாட்டு மேசையில் "தெரியாதுப்பா" என்கிறாள், அதுவும் பெருமையாக.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறந்தார்கள். கோட்பாடு சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். திரையில் இருந்த அவள் ஆய்வுக்குழுவின் நாற்பது முகங்களும் மலர்ந்தன. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பல்கலைக்கழக வேலை உறுதி. பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஒரு மாறுதலுக்கு அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

வியாழக்கிழமை மகாராணி தன் தவற்றைத் தானே கண்டுபிடித்தாள். ஒரே மோதல் இரண்டு பதிவு வரிசைகளில் விழுந்திருந்தால் ஒன்றை நீக்க வேண்டுமாம். ஒரு பகுதியில் நீக்காமல் விட்டிருக்கிறாள். அங்கே அப்படி விழுந்த ஜோடிகள் மட்டும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. நாற்பது பேர் கண்ணிலும் படாத விஷயம். சொன்னால் பரிசீலனை முதலிலிருந்து தொடங்கும், வேலை கைநழுவும். நான் என் தொழில் அனுபவத்தைச் சொன்னேன்: இப்போது முதல் பக்கத்தில் போடு, அடுத்த வாரம் ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். உயிரோடிருந்தவருக்கு இரங்கல் போட்டுவிட்டு நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம். அவரும் எங்கள் பத்திரிகை வாங்குவதை நிறுத்தவில்லை.

"ஏழாம் பக்கத்தை யாருப்பா படிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, அன்றே நாற்பது பேருக்கும் எழுதி அனுப்பிவிட்டாள். அவர்களும் நேர்மையைப் பாராட்டிப் பதில் போட்டார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, இதை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது செய்யும்படி அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு வந்த பிறகு தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டது. சரிபார்ப்பதற்காக மோதல் பதிவுகளின் பட்டியலைச் சத்தமாக வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தாள். நாலாம் பக்கத்தில் அதே தவறு இன்னொரு இடத்திலும் இருந்தது, பிடித்தது நான். "இதையும் சொன்னா இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப்போகும்பா" என்றாள். "சொல்லிடும்மா" என்றேன். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். எங்களுக்கு வேலை இருக்கிறது.